லென் மாமாவிடம் நான் சொன்னது

பில்லாரா,
அக்டோபர் 27

அன்புள்ள கெரினுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, பனியில் வழுக்கி விழாமல், சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே தினமும் எங்கள் பேச்சு. அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை, ஊன்றுகோலை வாசலிலேயே மறந்துவிட்டுக் கடைவரை போய்வருகிறாள், திரும்பி வந்த பிறகுதான் ஊன்றுகோல் இல்லாமல் போனது அவளுக்கே தெரிகிறது. ஜக்கரண்டா பூத்துத் தெரு முழுக்க ஊதாவாகக் கொட்டிக் கிடக்கிறது, நாய் அதில் புரண்டுவிட்டு நேராக சோபாவில் ஏறுகிறது. கீழ் வயல்களில் கரும்பு வெட்டு முடியப்போகிறது. வீட்டைத் தூண் வைத்து உயர்த்தும் வேலையும் ஒரு வழியாக முடிந்தது, வாசலுக்கு ஏற இப்போது பதினேழு படி, ஒவ்வொரு படிக்கும் அந்த மேஸ்திரியைத் திட்டிக்கொண்டேதான் அம்மா ஏறுகிறாள்.

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. பிறந்தநாள் அட்டையில்கூட அம்மா பக்கம் முழுக்க எழுதிய பிறகு மூலையில் அப்பா என்று ஒரு வார்த்தை போடுவதோடு என் எழுத்து முடிந்துவிடும். ஆனாலும் மூன்று நாளாக இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பிறந்தநாளன்று நாலு தடவை கூப்பிட்டும் நீ எடுக்காததால் அம்மா பயந்துபோய் நீ வேலை பார்க்கிற மருத்துவமனை வார்டுக்கே போன் போட்டாள். கெரின் மூன்று வாரமாக விடுப்பில் இருக்கிறாளே, உங்களுக்குத் தெரியாதா என்று அங்கே ஒரு பெண் கேட்டிருக்கிறாள். தெரியுமே, மறந்துபோய்விட்டேன் என்று சொல்லி அம்மா வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். வேலை தலைக்கு மேல இருக்குப்பா, மூச்சு விட நேரமில்ல, மத்தபடி சூப்பரா இருக்கேன் என்றாய், சிரிக்க ஒன்றுமில்லாத இடத்தில் மூன்று தடவை சிரித்தாய். போனை வைத்ததும் அம்மா என்னைப் பார்த்து, "அவ சிரிச்சது சரியில்ல கோலின். அது உன் சிரிப்பு" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. உன்மேல் கோபம் எதுவும் இல்லை கண்ணு. அங்கே என்ன நடந்தது என்று இந்தக் கடிதத்தில் கேட்கவும் போவதில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். இருபது மாதமாக நான்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதனால் உன்னிடம் மறைத்ததை எல்லாம் இன்று எழுதிவிடுகிறேன், படித்து முடித்த பிறகு என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் சரி.

போன வருஷம் பிப்ரவரி வெள்ளத்தைப் பற்றி உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தண்ணீர் நம் வீட்டு ஜன்னலுக்கு மேல் ஏறியது, நானும் அம்மாவும் கூரையில் உட்கார்ந்திருந்தோம், யாரோ ஒரு கரும்பு விவசாயி தகரப் படகில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டான், பக்கத்து வீட்டு லென் மாமா இறந்துபோனார். அவருடைய சாவுச் செய்தியைச் சொன்னபோது நீ போனிலேயே அழுதாய், உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன், எனக்குப் பொறுமை இல்லாத இடத்தில் எல்லாம் அவர்தான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். உனக்குத் தெரியாதது முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது. நான் வெள்ள மீட்புக் குழுவில் பத்தொன்பது வருஷம் இருந்தவன், அந்த ஆரஞ்சு உடுப்பைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து மணல் மூட்டை அடுக்கிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். லென் மாமா வேலியோரம் வந்து நின்றார். "கோலின், ரோண்டா போன் மேல போன் போடறா. கார் எடுத்துக்கிட்டு வரேன், கிளம்பி இருங்கன்றா. போகட்டுமா, இருக்கட்டுமா? நீ சொல்றதுதான் எனக்கு" என்றார். ரோண்டா அவருடைய மகள், மேட்டில் நாற்பது நிமிஷ தூரத்தில் இருக்கிறாள், உனக்கு நினைவிருக்கும். என்னிடம் இருந்தது மத்தியானம் அளந்த ஆற்று மட்டக் கணக்கு. அதற்குப் பிறகு புதுக் கணக்கு வந்திருக்கும், வானொலியைப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் இடுப்பு ஒடிகிற களைப்பு, பீர் ஒன்று குடித்துவிட்டுப் படுத்தால் போதும் என்றிருந்தது. "எழுபத்துநாலாம் வருஷ வெள்ளத்துலயே உங்க வாசப்படியத் தண்ணி தொடல. இந்த வயசுல எதுக்கு அலைச்சல், பேசாம உள்ள போய் டீ போட்டுக் குடிங்க" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். "நீ சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். விடிந்தபோது நாங்கள் கூரை மேல் இருந்தோம். அவர் வீட்டின் கூரை மட்டும் பழுப்புத் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதன்மேல் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும், நீயே பெருமையாக உன் சிநேகிதிகளிடம் சொன்னாய். தெரு முழுக்க வீடு வீடாகப் போய்ச் சேறு அள்ளினேன், ஊறிப்போன சுவரை எல்லாம் பெயர்த்து வாசலில் போட்டேன், பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப் வாசலில் நின்று நானூறு பேருக்கு சாசேஜ் சுட்டுப் போட்டேன். லென் மாமாவின் சவப்பெட்டியை முன் பக்கத்தில் பிடித்துத் தூக்கியதும் நான்தான். கோலின் இரும்புடா, அவன மாதிரி மனோதிடம் யாருக்கு வரும் என்று ஊரே சொன்னது. கெரின், அது மனோதிடம் இல்லை. நின்றால் அந்த வேலி கண்ணுக்குத் தெரியும், அதனால் நான் நிற்கவில்லை, அவ்வளவுதான். கைக்கு வேலை இருந்தவரை தப்பித்தேன். சேறு தீர்ந்தது, சுவர் தீர்ந்தது, உதவிக்கு வந்தவர்கள் எல்லாம் ஊர் திரும்பினார்கள், நான் மறுபடி பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனேன்.

என் இடுப்பு வலியால் பஸ்ஸை விட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய். நீ அங்கிருந்து சூட்டுப் பட்டை வாங்கி அனுப்பினாய், அது வந்த அன்று நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடந்தது இதுதான். செப்டம்பர் மாதம், புதன்கிழமை, மூன்றரை மணி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தாழ்வான பாலத்துக்கு வருகிறேன், மழை பிடித்துக்கொண்டது. பெரிய மழைகூட இல்லை, வைப்பர் ஒரு தடவை போய் வந்தால் துடைத்துவிடுகிற தூறல். பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தினேன், அதற்குமேல் என் கை ஸ்டியரிங்கை விடவில்லை. விடு என்று மனசு சொல்கிறது, விரல் கேட்கவில்லை. பின்னால் இருபத்திரண்டு பிள்ளைகள் முதலில் கத்தினார்கள், கேலி செய்தார்கள், அப்புறம் சத்தமே இல்லாமல் போனது. மேல் வகுப்புப் பெண் ஒருத்தி டிப்போவுக்குப் போன் செய்ததால் வேறு டிரைவர் வந்தான், அவன்தான் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தான். "பயப்படாத கோலின், யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான், எனக்கோ ஒருத்தருக்கு ஆகிவிட்டதே என்று கத்தவேண்டும் போல இருந்தது. அன்று சாயங்காலம் அம்மாவிடமும் இடுப்பு வலி என்றுதான் சொன்னேன்.

வேலை போன பிறகு தினமும் காலையில் நடக்கப் போகிறேன், கிளப்பில் நாலு பேரோடு பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். எங்கேயும் போகவில்லை. பின்புறக் கொட்டகையில் நிற்கிற பிக்கப் வண்டிக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, மத்தியானம் வரை முன்னால் இருக்கிற தகரச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். சாகவேண்டும் என்று நினைத்தேனா என்று பிறகு டாக்டர் கேட்டார். நினைத்தேன் கண்ணு, இதை உனக்கு எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் மறைப்பதில்லை என்று சொல்லிவிட்டுத் தொடங்கினேன். டிசம்பரில் ஒருநாள் அம்மா தோட்டக் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு கொட்டகைக்கு வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். திரும்பிப் போனாள், ஒரு கூடை பீன்ஸும் கத்தியும் எடுத்துக்கொண்டு வந்தாள், அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "நீ சொல்லலேன்னா பரவால்ல. நான் கேக்கவும் மாட்டேன். ஆனா இனிமே இங்க தனியா உக்கார விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு பீன்ஸ் நுனி கிள்ள ஆரம்பித்தாள். மறுநாளும் வந்தாள். பீன்ஸ் இல்லை, கிழிந்த தலையணை உறையை எடுத்துக்கொண்டு வந்து தைத்தாள். மூன்றாவது நாள் நான் சொல்லிவிட்டேன், முகத்தைப் பார்க்காமல் தகரச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன். உன்மேல தப்பில்ல என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன், சொல்லியிருந்தால் நான் அப்படியே மூடிக்கொண்டிருப்பேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. "இத எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது கோல்? ரோண்டாகிட்டல்ல சொல்லணும்" என்றாள். அப்புறம் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "முதல்ல டாக்டர்கிட்ட போவோம். நானும் வரேன்" என்றாள்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஊர் மண்டபத்துக்கு வியாழக்கிழமைதோறும் வருகிற ஃபிலிப்பா என்ற ஆலோசகரிடம் அனுப்பினார். உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவள், மூக்கில் சின்ன வளையம் போட்டிருப்பாள், இவளா எனக்குச் சொல்லித்தரப் போகிறாள் என்று முதல்நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "மழை வந்தா என்ன பண்ணுவீங்க கோலின்?" என்று கேட்டாள். ஜன்னல் எல்லாம் சாத்தி, டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன் என்றேன். "அடுத்த மழைக்கு ஒரே ஒரு ஜன்னல மட்டும் திறந்து வைங்க, டீ ஆறுற வரைக்கும்" என்றாள். இதற்கா படித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று வண்டியில் வரும்போது அம்மாவிடம் பொருமினேன். ஆனாலும் செய்தேன். முதல் தடவை வேர்த்து ஊற்றி, டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிட்டேன். நாலாவது மழைக்கு டீயைக் குடித்தேன். அப்புறம் வராந்தாவில் நின்று குடித்தேன். அப்புறம் தூறலில் வண்டியை எடுத்துத் தெருமுனை வரை, அடுத்து பெட்ரோல் பங்க் வரை, ஒரு மாதம் கழித்து அந்தப் பாலத்தின் இந்தக் கரை வரை. சில வாரம் முன்னேறுவேன், சில வாரம் மறுபடி கட்டிலை விட்டு எழ மாட்டேன், அப்போதெல்லாம் அம்மா வந்து போர்வையை உருவ மாட்டாள், குளிச்சிட்டு வேணும்னா மறுபடி படு என்பாள், குளித்த பிறகு திரும்பப் படுக்கத் தோன்றாது. மனசை வலுப்படுத்துவது என்றால் பெரிய சபதம் எடுப்பது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு அது ஒரு ஜன்னலும் ஒரு குளியலுமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், இதெல்லாம் என்னை நடக்க வைத்ததே தவிர, உள்ளே இருந்ததை எடுக்கவில்லை. அதை ஃபிலிப்பாவும் அறிந்திருந்தாள். ஒருநாள், "இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் பழகறது எங்க போறதுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

ரோண்டா வீட்டுக்குத்தான். இரண்டு தடவை கிளம்பித் திரும்பினேன், ஒருமுறை மேட்டில் ஏறும் முன்னாலேயே, ஒருமுறை அவள் தெருவுக்குள் நுழைந்துவிட்டு. மூன்றாவது தடவை மே மாதம், செவ்வாய்க்கிழமை. அவள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் தடுப்பு வைத்து நாய் குளிப்பாட்டும் தொழில் செய்கிறாள், நான் போனபோது கன்றுக்குட்டி அளவு ஒரு நாயைத் தொட்டியில் நிறுத்திச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தாள். "வா கோலின், கைய எடுக்க முடியாது, எடுத்தா ஓடிரும், அப்படியே சொல்லு" என்றாள். அதனால் நான் பதினைந்து மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்ததை எல்லாம் அவள் முதுகைப் பார்த்துச் சொல்லவேண்டியதாயிற்று, நடுவில் நாய் வேறு உடம்பைச் சிலிர்த்து என்மேல் சோப்புத் தண்ணீரை அடித்தது. அவர் வேலியோரம் வந்து கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். நான் சிரித்ததையும் சொன்னேன். அவள் திரும்பவில்லை. நாயை நிதானமாக அலசினாள், தண்ணீரை நிறுத்தினாள், துண்டைப் போட்டாள். பிறகு, "தெரியும்" என்றாள். "அன்னைக்கு சாயங்காலமே அப்பா போன் பண்ணாரு. கோலினே சொல்லிட்டான், ஒண்ணும் ஆகாதாம், நீ வராதன்னாரு. எனக்கு முதல் நாளே தெரியும் கோலின். நீ எப்ப வருவன்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." அப்புறம்தான் திரும்பினாள். "பெட்டியத் தூக்கின. எங் கையப் புடிச்சுக்கிட்டு, ஐயோ பாவம், நல்ல மனுஷன்னு சொன்ன. அப்ப உன் வாயில என்ன வச்சிருந்த? நீ சொன்னது தப்பா போச்சு, அது யாருக்கும் போகும். அதுக்கப்புறம் பதினஞ்சு மாசம் எம் மூஞ்சியப் பாக்காமப் போனியே, அதத்தான் என்னால தாங்க முடியல. போயிடு." நான் வந்துவிட்டேன். வரும் வழியில் மழை பெய்தது, பாலத்தைத் தாண்டியதே எனக்குத் தெரியவில்லை, வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திய பிறகுதான் உறைத்தது.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை, கூடத்தான் செய்தது. அடுத்த ஒன்பது நாள் போல நான் பட்டது வெள்ளத்தில்கூட இல்லை. இனி மறைக்க ஒன்றுமில்லாததால் ஒளிய இடமும் இல்லாமல் போனது. அம்மா என்னோடு பிக்கப்பில் வந்து உட்கார வேண்டிய அவசியம் வரவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல், ஏனென்றால் நான் கொட்டகைக்குப் போகவில்லை, சமையலறை மேஜையில் அவள் எதிரிலேயே உட்கார்ந்து அழுதேன். பத்தாவது நாள் ரோண்டா கூப்பிட்டாள். சாப்பிட்டாயா, எப்படி இருக்கிறாய் ஒன்றும் கிடையாது, எடுத்த எடுப்பில், "அன்னைக்கு அப்பா என்ன போட்டிருந்தாரு?" என்றாள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பழுப்புக் கம்பளிச் சட்டை, பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, காலில் நீல ரப்பர் செருப்பு, கையில் உன் அம்மாவுக்கென்று பறித்த பாஷன் பழம் ஒரு சட்டி நிறைய. சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எப்பவும் ஒரு பொத்தான மாத்திதான் போடுவாரு. அம்மா இருந்த வரைக்கும் அவதான் வாசல்ல நிறுத்தி சரி பண்ணி அனுப்புவா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சனிக்கிழமை வா. முழுசா சொல்லு. அவர கடைசியா பாத்தவன் நீ ஒருத்தன்தான்" என்றாள்.

போனேன். மேஜையில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். அவர் எந்தப் பக்கமிருந்து நடந்து வந்தார், குரல் எப்படி இருந்தது, பயந்தாரா, இருமினாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். எல்லாம் முடிந்த பிறகு பிஸ்கட் டப்பாவின் மூடியை மூடி மூடித் திறந்துகொண்டே, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள். "நான் அவர் பேச்சக் கேக்காம கிளம்பி வந்திருக்கலாம். சாவி கையில இருந்துச்சு. ஆனா அதுக்கு முந்தின வாரம் எனக்கும் அவருக்கும் சண்டை, வீட்ட வித்துட்டு எங்கூட வாங்கன்னேன், மூஞ்சில அடிச்ச மாதிரி பேசிட்டாரு. அவர் வராதன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு கோலின். கோலினே சொல்லிட்டான், நமக்கென்னன்னு சாவிய ஆணியில மாட்டிட்டு டிவி பாத்தேன். இத எம் புருஷங்கிட்டகூட நான் சொன்னதில்ல." அவளும் அத்தனை மாதமாக எந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாளோ தெரியாது. உன்மேல் தப்பில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து விழுங்கிக்கொண்டேன். கிளம்பும்போது வாசலில் நின்று, "உன்ன மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு வரல, வருமான்னும் தெரியல. ஆனா அவரப் பத்திப் பேச உன்ன விட்டா எனக்கு ஆள் இல்ல. அடுத்த சனிக்கிழமையும் வா" என்றாள். அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறேன். பெரும்பாலும் நாயைப் பிடித்துக்கொள்வதுதான் வேலை. சில நாள் லென் மாமாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி வருகிறேன், சில நாள் அவள் நடுவில் கோபம் வந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவாள், அப்போது நான் பேசாமல் நாய்க்குத் தலை துவட்டுவேன்.

இதில் நான் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. டிப்போவில் மறுபடி சேர்த்துக்கொண்டாலும் பிள்ளைகள் இருக்கிற பஸ்ஸை இன்னும் என்னிடம் தரவில்லை, நானும் கேட்கவில்லை, காலி பஸ்ஸைக் கழுவ எடுத்துப்போவது என் வேலை. பலத்த மழையென்றால் இப்போதும் வண்டியை ஓரங்கட்டிவிடுவேன். மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஆனால் காலையில் எழுந்து செருப்பை மாட்டும்போது, இன்று யாரிடம் என்ன மறைக்கவேண்டும் என்ற யோசனை எனக்கு இல்லை. உன் ஒருத்தி விஷயத்தில் மட்டும் இருந்தது, அதுவும் இந்தக் கடிதத்தோடு தீர்ந்தது. நீ எங்களிடம்தான் சொல்லவேண்டும் என்றில்லை கண்ணு. யாரிடம் சொன்னால் உனக்கு மிகவும் பயமோ, அநேகமாக அந்த ஆளிடம்தான் சொல்லவேண்டியிருக்கும், அது எனக்குப் பட்ட அளவில் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு டாக்டரைப் பார், நீயே நர்ஸ் என்பதால் உனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து இருந்துவிடாதே, நான் வெள்ள மீட்புக்காரன், எனக்கும் எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்தேன். படுத்தே கிடக்கிற நாளில் குளித்துவிடு. ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிடு. ரொட்டியை நின்றுகொண்டே தின்பதைச் சாப்பாட்டில் சேர்க்காதே.

அம்மா டிசம்பர் ஒன்பதாம் தேதி அங்கே வந்து இறங்குகிறாள். உன்னைக் கேட்காமல் டிக்கெட் எடுத்துவிட்டோம், கேட்டால் வேண்டாம் என்பாய், இப்போது வேண்டாம் என்றாலும் பயனில்லை, பணம் திரும்பக் கிடைக்காத வகை. நானும் வருவதாகத்தான் இருந்தது, மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் ரோண்டாவை விட்டுவிட்டு வர மனசு ஒப்பவில்லை, ஏன் என்று இப்போது உனக்குப் புரியும். அம்மா கேள்வி எதுவும் கேட்க மாட்டாள், அதற்கு நான் பொறுப்பு. அவள் முழங்காலுக்கு மட்டும் மெத்தென்று ஒரு நாற்காலி பார்த்து வை, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கி வை. கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், நீ பிறந்த அன்று உன்னைக் கையில் வாங்கியபோது என்ன வேண்டிக்கொண்டேனோ அதையேதான் இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன், நல்லவளாக இரு, சுகமாக இரு. முக்கியமாக ஒன்று, அம்மா வருகிறாள் என்று வீட்டைப் பெருக்கி, பாத்திரம் கழுவி, எல்லாவற்றையும் எடுத்து அலமாரிக்குள் அடைத்து வைக்காதே. எப்படிக் கிடக்கிறதோ அப்படியே கிடக்கட்டும், வந்து கதவைத் தட்டும்போது திறந்தால் போதும்.

என்றும் உன்,
அப்பா,
கோலின்